எந்தப் பாட்டைப் போல

எந்தப் பாட்டைப் போல ஒலிக்க வேண்டும் என்று அந்த இணையதளம் கேட்கிறது. ஆங்கிலத்தில்தான் கேட்கிறது, ஆனால் எனக்கு அது ஜவுளிக்கடைப் பெண்ணின் குரலில் விழுகிறது, என்ன கலர் பாக்குதீங்கக்கா என்று முகத்தைப் பார்க்காமல் கேட்பாளே, அந்தக் குரலில். பதில் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மவுஸில் கை வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரர் ஜெரால்டு பைக்கை சர்வீஸுக்கு விடப் போயிருக்கிறார், வீட்டில் நானும் ஃபேனும்தான், அந்த ஃபேனையும் நிறுத்திவிட்டேன், பாட்டுக்கு நடுவில் அதன் கடகடப்பு கேட்கக் கூடாது என்று. தூத்துக்குடியில் மே மாத மதியத்தில் ஃபேனை நிறுத்துகிறவளைப் பார்த்தால் யாரானாலும் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். கழுத்தில் வேர்வை ஓடி ஹெட்ஃபோன் பஞ்சில் ஊறுகிறது. நான் டெல்பின், பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பாட்டு மிஸ் என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். திரையில் ஒரு பெட்டிக்குள் என் பாட்டு ஏறி உட்கார்ந்திருக்கிறது, 'கரை தேடும் அலை', நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, பீரோக் கதவைத் திறந்துவைத்து, சேலைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டு நானே பாடியது. பக்கத்துப் பெட்டி காலி. அதில் மாதிரிப் பாட்டு ஒன்றைப் போட வேண்டும். அந்தப் பாட்டின் கனம், பளபளப்பு, சத்தம் எல்லாவற்றையும் மெஷின் அளந்து பார்த்து, என்னுடையதை அதைப் போல ஆக்கித் தரும். மாஸ்டரிங் என்று பேர். பாடி முடித்து, வாத்தியமெல்லாம் சேர்த்து முடித்து, கடைசியாகப் போடுகிற இஸ்திரி. அது போடாத பாட்டு வீட்டுக்குள் நன்றாகத்தான் இருக்கும், இன்னொருவர் பாட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போதுதான் கசங்கல் தெரியும். இன்னொருவர் பாட்டு. சும்மா சுற்றிச் சுற்றிப் பேசுகிறேன். அனிலாவின் பாட்டு.

லிஃப்ட் ஓடல என்று ஒரு பாட்டாம். பேரைப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே அட்டையில் எழுதித் தொங்கவிடுகிற வார்த்தையை எடுத்துப் பாட்டுக்குப் பேராக வைத்திருக்கிறாள். சென்னையில் ஏதோ ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பு, லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஒருத்தி தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஏறுகிறாள், கூட இருந்தவன் விட்டுப் போய்விட்டான், அவ்வளவுதான் பாட்டு. அதை இப்போது உலகமே பாடுகிறது. உலகம் என்றால் உலகமில்லை, ஆனால் எனக்குப் போதுமான அளவு உலகம். காய்கறிப் பையோடு படியேறுகிற பெண்கள், கைக்குழந்தையோடு ஏறுகிற அப்பாக்கள், கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் அவள் பாட்டைப் பின்னால் ஓடவிட்டு ரீல்ஸ் போடுகிறார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் கணக்கு மிஸ் போனை என் காதருகே கொண்டுவந்து, பாட்டு மிஸ் இதக் கேட்டீங்களா, நம்ம ஊர்ப் பொண்ணாமே என்றாள். கேட்டிருக்கேன் என்றேன். கூடப் படிச்சவதான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும், நீங்க ஏன் மிஸ் இப்படி ஒண்ணு பண்ணல. அதனால் டீயைக் குடித்தேன். அது ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது, ஏட்டோடு குடித்தேன். கல்லூரியில் கோயில் பாடகர் குழுவில் நான் முதல் வரிசை, அவள் இரண்டாம் குரல். தனியாகப் பாடுகிற இடமெல்லாம் எனக்கு. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் நான் எடுத்தால் பின்வரிசை வரைக்கும் தலை திரும்பும் என்று ஊரே சொல்லும், நானாகச் சொல்லவில்லை. அனிலாவின் குரல் அப்படியில்லை. தொண்டையின் அடியில் ஒரு கரகரப்பு, மேல்ஸ்தாயிக்குப் போனால் மூச்சு வாங்கும். நல்ல பிள்ளை, நேரத்துக்கு வருவாள், எல்லோருக்கும் பாட்டுத்தாளைப் பங்கு போட்டுக் கொடுப்பாள். இதுதான் அவளைப் பற்றி நான் அன்றைக்கு நினைத்தது. இன்றைக்கும் அந்தக் குரல் மாறிவிடவில்லை. அதே கரகரப்பு, அதே மூச்சு. அப்படியானால் என்ன மாறியது என்று வருஷக்கணக்காக நான் கேட்டுக்கொண்டு, வருஷக்கணக்காக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டேன். காசு.

காசு என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் அற்பமாக இருக்கிறது, என் தலைக்குள் அது இன்னும் கௌரவமாக இருந்தது. அவள் ஐடி கம்பெனியில் இருக்கிறாள், சம்பளம் வருகிறது, மும்பையிலோ எங்கேயோ பெரிய ஸ்டூடியோவில் கொடுத்து மாஸ்டரிங் பண்ணியிருப்பாள், அங்கே இருக்கிறவர்கள் காக்காய் கத்தினால்கூடக் குயிலாக்கித் தருவார்கள், அந்தப் பளபளப்பில்தான் ஜனங்கள் மயங்குகிறார்கள், என்னிடமும் அந்தக் காசு இருந்தால், ஒரே ஒரு தடவை இருந்தால். இந்த நினைப்பு இருக்கிறதே, இது ஒரு நல்ல தலையணை. எத்தனை ராத்திரி இதன்மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். சென்னையில் ஒரு இன்ஜினியரிடம் நான் விசாரித்ததும் உண்டு, அவர் சொன்ன தொகையைக் கேட்டு, வீட்ல பேசிட்டுச் சொல்லுதேன் சார் என்று போனை வைத்துவிட்டு, வீட்டில் பேசவே இல்லை. பேசியிருந்தால் ஜெரால்டு கொடுத்திருப்பார். அதுதான் பயம். கொடுத்து, பண்ணி, அப்புறமும் ஒன்றும் நடக்காமல் போனால் தலையணை போய்விடும். இப்போது அது தானாகவே போய்விட்டது. முந்தாநாள் இரவுச் சாப்பாட்டுக்கு தோசை ஊற்றிக்கொண்டே அவள் பேட்டியை ஓடவிட்டேன், ஏதோ சின்ன சேனல், கேள்வி கேட்கிற பெண் ரொம்ப ஆர்வமாக, மேம், இவ்வளவு க்ளியரான சவுண்ட், எந்த ஸ்டூடியோ என்று கேட்கிறாள், அனிலா சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பு மாறவில்லை, ஸ்டூடியோலாம் இல்லைங்க, ஆன்லைன்ல தானா மாஸ்டரிங் பண்ணித் தர்ற தளம் இருக்குல்ல, பாட்ட ஏத்துனா சாயா குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பண்ணிக் குடுத்துரும், ரெண்டு பிரியாணி வாங்குற காசுதான் என்கிறாள். கல்லில் தோசை கருகியது. ஜெரால்டு வந்து அடுப்பை அணைத்தார். என்னட்டி என்றார். ஒண்ணுமில்ல, மாவு புளிச்சிட்டு என்றேன். இரண்டு பிரியாணி. அவள் சும்மா இருந்திருக்கலாம். கடன் வாங்கிப் பண்ணினேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், எனக்காக. என் காரணத்தை எடுத்து நடுத்தெருவில் போட்டுவிட்டாள், அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

அதனால்தான் இந்த மதியம். அதே தளம், அதே இரண்டு பிரியாணி, கேட்டுப் பார்ப்பதற்கு அதுகூட வேண்டாம், இறக்கிக்கொள்ளும்போது கட்டினால் போதும். காலிப் பெட்டியில் அவள் பாட்டைப் போட்டுவிட்டேன். எப்போது போட்டேன் என்று தெரியவில்லை, கை போட்டுவிட்டது. இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில், டெல்பின், அனிலா, பாடகர் குழுப் புகைப்படத்தில் நின்றது போல. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்குகிறது. என் பாட்டைப் பரிசோதிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. இரத்தம் கொடுத்துவிட்டு லேப் வாசலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொல்லும்போதுதான் பயம் வரும். மெஷினுக்கு என்ன தெரியும், சத்தம் தெரியும், கனம் தெரியும், எந்த இடத்தில் கீச்சென்று குத்துகிறது, எந்த இடத்தில் மந்தமாக இருக்கிறது என்று தெரியும். என்னைத் தெரியாது. ஆனால் அவள் பாட்டையும் என் பாட்டையும் ஒரே சமயத்தில் கேட்கிறதே, ஒரு இடத்திலாவது, இவளை எதுக்கு அவளோட வச்சுப் பாக்கச் சொல்லுதா என்று நினைக்காதா. நினைக்காது. மெஷின் நினைக்காது டெல்பின். போன் அடிக்கிறது, ஜெரால்டு.

"ஏட்டி, பைக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆவுமாம். இங்கனயே இருந்து வாங்கிட்டு வந்துருதேன். உனக்கு ஏதும் வேணுமா?"

பின்னால் ஸ்பேனர் விழுகிற சத்தம், யாரோ ஏர் பிடிக்கிற சத்தம், அதற்கும் பின்னால், ரேடியோவா போனா தெரியவில்லை, ஒரு கிட்டார், எனக்கு அந்தக் கிட்டாரின் முதல் நாலு தட்டல் போதும், தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"அங்க என்ன பாட்டு ஓடுது?"

"பாட்டா?" அவர் தயங்கினார். "எவனோ போட்டிருக்கான். எனக்கு ஒழுங்காக் கேக்கல."

"அனிலா பாட்டுல்லா."

"அப்படியா? இருக்கும். சரி, பரோட்டா வாங்கிட்டு வரட்டா, ராத்திரிக்கு?"

வாங்குங்கள் என்று வைத்துவிட்டேன். எனக்கு ஒழுங்காக் கேக்கல. ஜெரால்டுக்குப் பொய் வராது, வந்தால் இப்படித்தான் வரும். போன மாதம் திருச்செந்தூர் ரோட்டில் காரில் போகும்போது அவருடைய போனிலிருந்து இந்தப் பாட்டு தானாக வந்தது, கிட்டார் தொடங்கிய உடனே விரல் போய் அடுத்த பாட்டுக்குத் தள்ளியது, பேச்சை நிறுத்தாமல், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்படியென்றால் அவர் போனில் அது இருக்கிறது. அப்படியென்றால் நான் இல்லாதபோது கேட்கிறார். வேலை பார்க்கிற கப்பல் ஆபீஸில், குளிக்கும்போது, எங்கேயோ. இன்னொரு பெண்ணோடு பேசுகிறவரைப் பிடித்தாற்போல அன்றைக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிக்காதீர்கள், நானும் சிரிக்க முயன்றேன். வீட்டில் யாரோ நோயாளி இருந்தால் அந்த வியாதியின் பேரைச் சொல்லாமல் இருப்பார்களே, அதுபோல எங்கள் வீட்டில் அவள் பேரை அவர் சொல்வதில்லை. நான்தான் நோயாளி. என்னிடம் கேட்காமலே எனக்கு வைத்தியம் பார்க்கிறார்.

முடிந்துவிட்டது. வட்டம் போய் ஒரு பச்சை டிக். இவ்வளவுதானா, இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கலாமே, என் பாட்டுக்கு அவ்வளவுதான் வேலையா. ஹெட்ஃபோனைச் சரி செய்து, வேர்வையைத் தாவணியால், தாவணியாவது, நைட்டித் துண்டால் துடைத்துவிட்டு, தொட்டேன். என் குரல் வந்தது. அம்மா, என் குரல். பீரோவுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. கீபோர்டின் அடிநாதம் வயிற்றில் தட்டுகிறது, குரல் முகத்துக்கு நேரே நிற்கிறது, ரேடியோவில் வருகிறவர்கள் நிற்பது போல, கடையில் வாங்கினது போல. முதல் சரணம் முடிந்தது. ஸ்டாஃப் ரூம் கண்ணுக்குள் வந்தது, கணக்கு மிஸ் வந்தாள், படியேறுகிறவர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போய் என் பாட்டுக்கு நடந்தார்கள், அனிலா ஒரு பேட்டியில், டெல்பின் எனக்கு முன்னாலயே பெரிய பாடகி என்றாள், அதற்கு நான் அடக்கமாக ஒரு பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு சின்னப் பொத்தானைப் பார்த்தேன். ஓரத்தில் இருந்தது. சத்தத்தைச் சமமாக்கு. சத்தம் கூடினால் காது அதையே நல்லது என்று நம்பிவிடும், அதனால் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து நேர்மையாக ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கீழே எழுதியிருந்தது. யார் கேட்டார்கள் நேர்மையை. அழுத்தினேன். என் பழைய பாட்டு, என் புதிய பாட்டு, அவள் பாட்டு, மூன்றும் ஒரே உயரத்தில் நின்றன. மாற்றி மாற்றித் தொட்டேன். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் இருந்தது, அழுக்குச் சட்டைக்கும் துவைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம். அதே சட்டை. புதியதற்கும் அவளுடையதற்கும் பளபளப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை. மெஷின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது. கனம் அதே, வெளிச்சம் அதே. இனிமேல் நான் சாய்வதற்கு ஒரு சுவர்கூட இல்லை. நிலவே நீ ஏன் தூரம் போகிறாய் என்று நான் பாடுகிறேன், ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடி மாதிரி கேட்கிறது, ஒவ்வொரு எழுத்தும் கேட்பதுதான் இப்போது கஷ்டம். எந்த நிலவு. என்றைக்கு நான் நிலவைப் பார்த்தேன். மாடியில் துணி எடுக்கப் போனால்கூட நான் மேலே பார்ப்பதில்லை, கிளிப்பைத்தான் பார்ப்பேன். அடுத்த பெட்டியைத் தொட்டால் அனிலா நாலாவது மாடியில் நிற்கிறாள், கேனைக் கீழே வைத்துவிட்டாள், மூச்சு வாங்குகிறது.

நாலாவது மாடி, யாரோ வெங்காயம் வதக்குறாங்க. எனக்கில்ல.

அவ்வளவுதான் அந்த வரி. எனக்கில்ல என்கிற இடத்தில் சுருதி இறங்குகிறது. கொஞ்சம்தான், ஆனால் இறங்குகிறது, அதைக் கேட்காத காது எனக்கில்லை. முதல் தடவை கேட்டபோதே பிடித்துவிட்டேன், பிடித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன், பல்லிடுக்கில் சிக்கின நாரை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல அந்த இடத்துக்கே போய்ப் போய் வந்தேன், அதற்கப்புறம் பாட்டை மேலே கேட்டதே இல்லை, நாலாவது மாடியிலேயே இறங்கி வந்துவிடுவேன். இப்போதும் அங்கேதான் நிற்கிறேன். பின்னால் தள்ளி மறுபடி. எனக்கில்ல. மறுபடி. எனக்கில்ல. வெங்காயம் என் கையில் தினமும் இருக்கிறது. நான் வதக்குகிற வெங்காயத்தின் வாசனை படிக்கட்டு வழியாக மேல்வீட்டு டீச்சரம்மா வரைக்கும் போகும், அவர் தனி ஆள், என்ன டெல்பின் இன்னைக்குக் குழம்பா என்று ஜன்னல் வழியாகக் கேட்பார், நானும் ஆமா டீச்சர் என்று சொல்லிவிட்டுக் கிளறுவேன். இத்தனை வருஷத்தில் வெங்காயம் ஒரு பாட்டுக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. என் அடுப்படியில் இருந்ததை அங்கே சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவள் எடுத்துவிட்டாள். திருட்டு. திருட்டு என்றுதான் முதலில் தோன்றியது, இப்போதும் கொஞ்சம் தோன்றுகிறது. அந்த இறங்கின சுருதியை விட்டு என்னால் நகர முடியவில்லை, அது தப்பு, அது தப்பாகப் பாடினது, தப்பாகப் பாடினதை எதற்கு நான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நான் திருத்துகிறவள். பிள்ளைகள் சுருதி விலகினால் பென்சிலால் மேசையில் தட்டுகிறவள். தட்டுவதற்குக் கை போகிறது, மேசையில் போன் இருக்கிறது, போனை எடுத்தேன். அவளைக் குத்த வேண்டும் என்றுதான் எடுத்தேன், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. பாட்டு நல்லா இருக்கு அனி, ஆனா அந்த எடம் மட்டும், என்று மெதுவாக, அக்கறையாக, பாட்டு மிஸ் குரலில் சொல்ல வேண்டும். நாலு நாள் அவளுக்கு அது உறுத்த வேண்டும்.

"டெல்பி!" உடனே எடுத்துவிட்டாள். "நீதானா? நம்பர் மாத்தலியா இன்னும்? சொல்லுட்டி."

"பிஸியா இருக்கியா?"

"துணி மடிக்கேன். சொல்லு சொல்லு."

துணி மடிக்கிறாள். ஏதோ மேடையில் நிற்பாள் என்று நினைத்திருந்தேன் போல. "ஒண்ணுமில்ல, உன் பாட்டுல ஒரு டவுட்டு. அந்த நாலாவது மாடில, எனக்கில்லன்னு வருதுல்ல. அங்க சுருதி கொஞ்சம் இறங்குது. தெரியுமா உனக்கு?"

 போர்வையை உதறுகிற சத்தம் கேட்டது.

"உனக்குக் கேக்கும்னு தெரியும்" என்றாள். "வேற ஒருத்தரும் சொல்லல பாரு. உனக்கு மட்டும்தான் கேட்டிருக்கு."

"அப்ப ஏன் திரும்ப எடுக்கல? இப்பல்லாம் மெஷினே சரி பண்ணிருமே."

"எடுக்காம இருப்பேனா. எத்தனையோ தடவை எடுத்தேன். சரியாத்தான் வந்துச்சு. சரியா வந்தா ஒரு கஷ்டம் டெல்பி." அவள் சிரித்தாள், ஆனால் அது பேட்டியில் சிரித்த சிரிப்பில்லை. "சரியாப் பாடுனா உன்ன மாதிரி இருக்கு. காலேஜ்ல உன்னயப் பாத்துப் பாத்துத்தானே பழகுனேன். எனக்கே கேக்குது, இது டெல்பின் பாடுதான்னு. பாட்டு என்னோடதில்லாமப் போயிருமோன்னு பயந்துட்டேன். அதான் அந்தத் தப்பான ஒண்ணையே வச்சுட்டேன்."

 ஹெட்ஃபோன் கழுத்தில் கிடக்கிறது, அதற்குள்ளிருந்து அவளுடைய பாட்டு சின்னதாகக் கீச்சுக்கீச்சென்று பாடிக்கொண்டே இருக்கிறது. இது புகழ்ச்சியா, இல்லை, நீ சரியாப் பாடுறவ, அவ்வளவுதான் நீ, என்கிறாளா. இரண்டும்தானா. என்னைப் போல ஆகிவிடக் கூடாது என்று பயந்து ஒருத்தி தப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அவளைப் போல ஆக வேண்டும் என்று நான் இங்கே ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வர வேண்டும். வரவில்லை, கண்தான் எரிந்தது, வேர்வை உள்ளே போய்விட்டது என்று துடைத்தேன். குத்த வந்த ஊசி என் கையிலேயே இருந்தது, உள்ளே இருந்த வார்த்தையை அப்படியே சொல்லிவிட்டேன்.

"எனக்கு உம்மேல பொறாமையா இருக்கு அனி."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. குரல் தட்டையாக இருந்தது, விலாசம் சொல்வது போல.

"தெரியும்" என்றாள் அவள்.

"எப்படித் தெரியும்?"

"எல்லாப் பாட்டுக்கும் லைக் போடுவ. ஒரு வார்த்தை எழுத மாட்ட. உனக்குப் பாட்டப் பத்திச் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லாமலா போவும்?" துணியை ஒரு தட்டுத் தட்டினாள். "எனக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சு. நீ திட்டியாவது எழுதிருக்கலாம்."

"திட்டத்தான் இப்பக் கூப்பிட்டேன்."

"திட்டிட்டியா?"

"முடியலயே. நீதான் குறுக்க என்னென்னமோ சொல்லிட்ட."

 அவள் வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்தது, அவள் அடுத்த அறைக்கு நடந்து போகிறது கேட்டது.

"நீயும் ஒண்ணு பண்ணிட்டிருக்கன்னு கேள்விப்பட்டேனே. அனுப்பு, கேக்கேன்."

யார் சொன்னார்கள். ஜெரால்டு. வேறு யார். அவர் இவளோடு பேசியிருக்கிறாரா, எப்போது, என்னைப் பற்றி என்ன, டெல்பினுக்கு ஒரு வார்த்தை சொல்லு என்று கெஞ்சினாரா, நெஞ்சு மறுபடி பழைய இடத்துக்கே ஓடப் பார்த்தது. திரையில் இரண்டு பெட்டியும் இருந்தன. அனுப்பலாம், பளபளவென்று இருக்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. அவளும் நல்லாருக்கு டெல்பி என்பாள், குரல் அப்படியே இருக்கு என்பாள். அந்த நல்லாருக்குவை என்னால் தாங்க முடியாது.

"அனுப்பலட்டி" என்றேன். "மாஸ்டரிங்லாம் பண்ணிப் பாத்தேன். உன் பாட்ட வச்சுத்தான் பண்ணேன், மாதிரிக்கு. சத்தமெல்லாம் உன்னோடது மாதிரியே வந்துட்டு. பாட்டுதான் பொய்யி."

இதற்கு அவள் ஆறுதல் சொல்லியிருந்தால் நான் போனை வைத்திருப்பேன். சொல்லவில்லை. "எந்த எடம் பொய்யி?" என்று கேட்டாள், டாக்டர் எங்கே வலிக்குது என்று கேட்பது போல.

"நெலா வருது."

"ஐயோ" என்றாள். பிறகு அவளால் அடக்க முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன், சிரிக்கும்போதே கோபமும் இருந்தது, இவளுக்குச் சிரிக்க என்ன உரிமை என்று. "நெலாவைத் தூக்கிரு. வேற என்ன இருக்கோ அதை வச்சு அனுப்பு. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுவேன், பரவாயில்லையா?"

"சொல்லு. நான் அழுவேன். அழுதுட்டு உன்ன ஒரு மாசம் திட்டுவேன்."

"எழுதித் திட்டு" என்றாள். குக்கர் மறுபடி விசில் அடித்தது, வைக்கேன்ட்டி என்று வைத்துவிட்டாள்.

பொறாமை போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தேன். இல்லை, இருக்கிறது, அதே இடத்தில், அதே கனத்தில். சொல்லிவிட்டால் போய்விடும் என்பதெல்லாம் கோயிலில் சாமியாரிடம் போய்ச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குச் சரி. எனக்கு இன்னும் அந்த வெங்காயம் வேண்டும். அந்தப் படியேறுகிறவர்கள் வேண்டும். ஆனால் முன்பு அது ஒரு பூட்டிய அறை மாதிரி இருந்தது, ஜெரால்டுகூட அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். இப்போது கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். திரையைப் பார்த்தேன். இறக்கிக்கொள்ளவா, காசு கட்டவா என்று கேட்கிறது. வேண்டாம் என்று மூடினேன். மூடின கையோடு ஃபேனைப் போட்டேன், காற்று முதுகில் பட்டபோது உடம்பு சிலிர்த்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி, பள்ளி ஆண்டுவிழா ஸ்பீக்கரை, பிள்ளைகளுக்கு ஒத்திகைக்கு வைப்பதை, பீரோவுக்குக் கீழேயிருந்து இழுத்து, அதில் அனிலாவின் பாட்டை வைத்தேன். இந்த வீட்டில் அது சத்தமாக ஓடுவது இதுதான் முதல் தடவை. கிட்டார் சுவரில் எல்லாம் பட்டது. முதல் மாடியில் ஒரு நாய், இரண்டாவது மாடியில் டிவி, மூன்றாவது மாடியில் பூட்டின வீடு. அப்போது வாசலில் பைக் நின்றது. ஜெரால்டு பரோட்டாப் பையோடு உள்ளே வந்தார், வந்தவர் அப்படியே நின்றார், முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. கை தானாக நீண்டது, நிறுத்துவதற்கு.

"இருக்கட்டும்" என்றேன்.

"அனிலாவோடதா?" பேரைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா. உக்காருங்க. கடேசி வரை நான் கேட்டதே இல்ல."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பரோட்டாப் பை மடியில் சுட்டிருக்க வேண்டும், எடுத்துக் கீழே வைத்தார். நாலாவது மாடி வந்தது, வெங்காயம் வந்தது, சுருதி இறங்கியது, எனக்குள் இருக்கிற பென்சில் ஒரு தடவை தட்டியது, பாட்டு நிற்காமல் மேலே ஏறியது. ஐந்தாவது மாடியில் யாரோ பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார்கள், ஏழாம் வாய்ப்பாட்டை இரண்டு தடவை தப்பாகச் சொல்கிறது பிள்ளை. ஆறாவது மாடியில் அவள் தன் வீட்டு வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, உடனே திறக்காமல், கதவில் காது வைத்துக் கேட்கிறாள். உள்ளே ஒன்றுமில்லை. அதை அவள் பாடவில்லை, கிட்டாரை மட்டும் விட்டுவிட்டாள். அதுவும் நின்ற பிறகு, பாட்டு முடிந்தது என்று நான் நினைத்த பிறகு, ஒரு மூச்சும், நாற்காலி தரையில் உரசுகிற சத்தமும் கேட்டது. பாடி முடித்து அவள் எழுந்திருக்கிறாள். வெட்டி எறிந்திருக்க வேண்டிய சத்தம், நானாக இருந்தால் வெட்டியிருப்பேன், மெஷின் அதையும் சேர்த்துச் சத்தமாக்கியிருக்கிறது, அவளும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"முடிஞ்சிட்டா?" என்றார் ஜெரால்டு, மெதுவாக.

"முடிஞ்சிட்டு."

அவர் பரோட்டாப் பையைக் காலால் ஓரமாக நகர்த்தினார். பிறகு, "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அவளுக்காக வந்து வெளியே விழுந்தது, விழுந்ததும் வலித்தது, வலித்தாலும் அது உண்மையாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு. ஹெல்மெட்டக் கழத்துங்க, இன்னொரு தடவை கேப்போம்."